கடைசி ராத்திரி அரைமணி நேரம்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

அன்பான போதகர் ஐயர் அவர்களுக்கும், நம் சேகரத்துச் சபைகளை நிர்வகிக்கும் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

இந்த வருஷக் கன்வென்ஷன் நற்செய்திக் கூட்டங்களின் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் எழுதிவிடுகிறேன். போன வருஷம் கடைசி ராத்திரி செய்தி முடிய மணி ஒன்பதே முக்கால். இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று பிரசங்கியார் அர்ப்பணிப்புக்கு அழைக்க வாயெடுத்தார். மேடையோரம் பொன்னாடைகள் தட்டில் தயாராக இருந்தன. "நேரமாகிவிட்டது, வீட்டில் போய் யோசித்து ஜெபியுங்கள்" என்று முடித்துக்கொண்டார். அப்புறம் நன்றியுரை மட்டும் இருபது நிமிஷம். மைக் செட்காரர் வரை ஒருவரையும் விடவில்லை.

என் பக்கத்தில் பெரியப்பா. சித்தப்பாவோடு வரப்புத் தகராறில் முப்பது வருஷமாகப் பேச்சு கிடையாது, அதனாலேயே ஆலயத்தில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்தை எடுக்க மாட்டார். அன்றைக்கு "லேய், முன்னால போயிரலாம்னு இருக்கேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டார். நன்றியுரை பாதியில் மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, அடுத்த வருஷம் பாப்போம்." தை பிறக்கும் முன் அவரை அடக்கம் பண்ணினோம்.

டி. எல். மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியாருக்கும் இது நடந்தது. 1871 அக்டோபர் 8, ஞாயிறு ராத்திரி, சிகாகோ. இயேசுவை என்ன செய்வது என்று, அவரை விசாரித்த தேசாதிபதி பிலாத்து கேட்ட கேள்வியை வைத்துப் பேசி, ஒரு வாரம் யோசித்து முடிவோடு வாருங்கள் என்றார். அதே ராத்திரி ஊர் பற்றி எரிந்தது. ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள். அந்தக் கூட்டம் அப்படியே மறுபடி கூடவேயில்லை. அவகாசம் கொடுத்ததை நினைத்து அவர் கடைசிவரை வருந்தினார்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது, அப்போஸ்தலன் பவுலைக் காவலில் வைத்து விசாரித்த ரோம தேசாதிபதி பேலிக்ஸ்தான். பவுல் பேசப்பேசப் பயந்துபோய், "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்றான். சமயம் கிடைக்காமலா போயிற்று? அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான், எதிர்பார்த்தது காசு. இரண்டு வருஷத்தில் அவன் இடத்துக்குப் பெஸ்து வந்துவிட்டான். முதல் நாள் வந்த அந்த நடுக்கம் மறுபடி வந்ததாக, இதைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரி இல்லை. வருஷம் தவறாமல் பந்தலில் உட்காரும் நம்மில் பலர் இந்த ரகம். நானும்தான். "இப்பொழுதே அநுக்கிரககாலம்", அதாவது தேவன் தயவு காட்டும் காலம் இதுவே என்று பவுல் எழுதியதுகூட வெளியாருக்கு அல்ல, கொரிந்து சபையாருக்கு. பெற்ற கிருபையை விருதாவாக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான்.

அதற்காக ஆளை நெருக்கச் சொல்லவில்லை. கீபோர்டை உருக்கமாக வாசித்து, தூக்கின கைகளை எண்ணி ரிப்போர்ட் போடுவது எனக்கும் பிடிக்காது. பொன்னாடையை முதல் நாளே போர்த்திவிடுங்கள். நன்றியை நோட்டீஸின் பின்பக்கம் அச்சடிக்கலாம். கடைசி ராத்திரி செய்தி முடிந்ததும் மைக்கை அணைத்துவிட்டு, ஐயரும் உபதேசியாரும் அரைமணி நேரம் பந்தலிலேயே உட்காருங்கள். யாராவது வந்தால் அவர்களோடு ஜெபியுங்கள். வராவிட்டாலும் எழுந்துவிடாதீர்கள்.

சித்தப்பாவுக்கு எழுபத்தாறு வயது. இந்த முறை நான் அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
சபையில் ஒருவன்