மூன்று சோடிகளுக்கு ஒரே விதிதானா? பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரில் மாலை வேளைகளில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி சென்ற மாதம் தன் பள்ளித் தேர்வு விடைத்தாளுடன் வந்தாள். (1, 1), (2, 2), (3, 4) என்ற வரிசைச் சோடிகளைக் கொடுத்து, சார்பின் விதியை, அதாவது சோடியின் முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண் எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கண்டு, 4-இன் நிழல் உருவை, அதாவது அந்த விதிப்படி 4-க்குக் கிடைக்கும் எண்ணை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் 7 என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் 8 என்று இருந்ததால் சுழியம் போட்டுவிட்டார்கள்.

தாளின் ஓரத்தில் அவள் பென்சிலால் போட்டிருந்த கணக்கைப் பார்த்தேன். வித்தியாசங்கள் 1, 2 என வளர்வதால் அடுத்தது 3 என்று எடுத்துக்கொண்டு, எண்ணை அதனினும் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கிப் பாதியாக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும் என்ற விதியையும் எழுதியிருந்தாள். மூன்று சோடிகளுக்கும் அது பிசகாமல் பொருந்துகிறது. 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் இரண்டின் அடுக்குகளை நினைத்து வினா அமைத்தவரின் விதியும் பொருந்துகிறது. அப்படியிருக்க, அவளுடையதை மட்டும் தவறு என்று எப்படிச் சொல்வது?

இந்த இரண்டு விதிகள் மட்டுமல்ல, எண்ணற்ற விதிகள் உண்டு. ஓர் எண்ணிலிருந்து 1, 2, 3 ஆகியவற்றைத் தனித்தனியே கழித்து, கிடைக்கும் மூன்றையும் பெருக்கினால், அந்தப் பெருக்கற்பலன் 1, 2, 3 ஆகிய இடங்களில் சுழியமாகிவிடும். எனவே அதன் எந்த மடங்கை அவளுடைய விதியுடன் சேர்த்தாலும் கொடுத்த சோடிகள் மாறுவதில்லை. 4-இன் மதிப்பு மட்டும் மாறும். முழுவதையும் சேர்த்தால் 13 வரும். ஆறில் ஒரு பங்கைச் சேர்த்தால் விடைக்குறிப்பின் அதே 8 வரும், ஆனால் 5-க்கு 16 வராது, 15 வரும். ஆகவே 8 என்று எழுதிய மாணவரும் உங்கள் விதியைத்தான் கண்டார் என்று சொல்ல இயலாது.

மதிப்பகத்தை, அதாவது விதி எந்த எண்களுக்குச் செல்லும் என்பதைச் சொல்லாமல் விடுவதாலும் இதே சிக்கல் வருகிறது. 2013-இல் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (2.8, 37), (3.8, 49), (4.8, 61) என்ற சோடிகளை மட்டும் பார்க்கும் மாணவர் தூரத்தைப் பன்னிரண்டால் பெருக்கி 3.40 கூட்ட வேண்டும் என்று சரியாகவே கண்டுபிடிப்பார். ஆனால் அதை வைத்து ஒரு கிலோமீட்டருக்கு 15 ரூபாய் 40 காசு என்று கணக்கிட்டால், மீட்டர் 25 ரூபாய்தான் காட்டும். இந்தக் கணக்கை நான் வகுப்பில் போட்ட அன்றுதான், மதிப்பகம் எதற்கு என்று பிள்ளைகளுக்கு உண்மையில் புரிந்தது.

நான் கேட்பது வினாவில் ஒரு சொல். ‘இருபடிச் சார்பு’ (எண்ணின் வர்க்கத்துக்கு மேல் போகாத விதி) என்று குறிப்பிட்டுவிட்டால், மூன்று சோடிகளுக்கும் பொருந்தும் விதி ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். விடை 7 என்று உறுதியாகிவிடும். வகையைச் சொல்ல விருப்பமில்லை என்றால், ‘பொருந்தும் ஒரு விதியை எழுதுக’ என்று கேளுங்கள். எல்லாச் சோடிகளையும் நிறைவு செய்யும் எந்த விதிக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள். திருத்துபவர் ஒவ்வொரு விதியையும் சரிபார்க்க நேரமாகும் என்பதை அறிவேன். ஆனால் மூன்று எண்களை விதியில் இட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தைத் தயவுசெய்து திருத்துபவர்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு கணித ஆசிரியர்