ஊதா தக்காளியும் நம் நாவல் பழமும்

ஆசிரியருக்கு வணக்கம். ஊதா தக்காளி பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். ஸ்நாப்டிராகன் பூச்செடியின் இரண்டு மரபணுக்களைத் தக்காளியில் சேர்த்து, உடலுக்கு நல்லது எனக் கருதப்படும் ஆந்தோசயனின் என்ற ஊதா நிறமியைச் சதை முழுக்க ஊற வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்து விஞ்ஞானி கேத்தி மார்ட்டின் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் 2024 முதல் வீட்டுத் தோட்டத்துக்கே விதை விற்கிறார்கள். பாராட்ட வேண்டிய உழைப்புதான். சரி, அதே நிறமி நம் நாவல் பழத்தில் இயல்பாகவே இருக்கிறதே, அதை ஏன் கைவிடுகிறோம்?

ஆடி மாதம் அழகர்கோவில் சாலையோரம் கூடையில் வைத்து விற்கும் பாட்டி, உப்புத் தூவிக் குலுக்கித் தருவார். சாயங்காலம் வரை நாக்கில் ஊதா நிறம் போகாது. மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் சின்ன வயதில் ஏழு நாவல் மரங்களில் ஏறியிருக்கிறேன். இன்று நிற்பவை இரண்டு. அவற்றிலும் ஒன்று பட்டுக்கொண்டிருக்கிறது. பழம் கிலோ விலை கேட்டால் கூலி வேலைக்குப் போகிறவர் வாங்க முடியாது. கண்மாய்களைத் தூர்வாரும்போதே கரைகளில் நாவல் கன்றுகளை நட ஊராட்சிகளுக்கு மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். அப்புறம், சீசனில் சத்துணவுக் கூடங்களில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கைப்பிடி பழம் கொடுக்கலாம்.

– வாசகர், மேலூர், மதுரை மாவட்டம்