விசில் ஊதாத கோச்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிரா?" என்று கேட்டுவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். குளிர்தான். அக்டோபர் பாதிகூடத் தாண்டவில்லை, அதற்குள் காலையில் கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

வேலை அதே சின்னக் காலேஜின் விளையாட்டுத் துறை ஆபீஸில்தான். கணக்கு எழுதச் சேர்ந்தவள், இப்போது பஸ் சொல்லிவைப்பது, நடுவர்களுக்குச் செக் போடுவது எல்லாம் என் தலையில். எங்கள் டைரக்டர்தான் ஃபுட்பால் கோச்சும். காலையில் பட்ஜெட் மீட்டிங், சாயங்காலம் மைதானம். வந்த புதிதில் வெளியூர் மேட்ச்சுக்கு நம் கபடி டீம் நினைப்பில் ஒரே ஒரு பஸ் சொல்லிவைத்தேன், காலையில் பார்த்தால் அறுபது தடியன்கள் மூட்டை முடிச்சோடு நிற்கிறார்கள்! மனுஷன் நல்லவேளை திட்டவில்லை.

இங்கே அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நீங்கள் நினைப்பது இல்லை அப்பா. முட்டை வடிவப் பந்து, பெரும்பாலும் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், எதிரணி மேலே விழுந்து அமுக்கும். எங்களைப் போன்ற காலேஜ்கள் டிவிஷன் 3, அதாவது காலேஜ் விளையாட்டில் மூன்றாவது அடுக்கு. இங்கே விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கவே கூடாது, நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா கதையெல்லாம் நடக்காது. பையன்கள் ஃபீஸ் கட்டித்தான் படிக்கிறார்கள். ஃபுட்பால் டீம் இருந்தால் அந்த ஆசையிலேயே நூறு பையன்கள் சேருவார்கள் என்பது இந்த மாதிரி காலேஜ்களின் கணக்கு.

சரி, சொல்ல வந்தது வேறு. போன சனிக்கிழமை மினசோட்டாவில் செயின்ட் கிளவுடிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய காலேஜ்வில்லுக்குப் போயிருந்தேன். செயின்ட் ஜான்ஸ் என்று பெனடிக்டைன் சபையைச் சேர்ந்த கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தும் ஆண்கள் காலேஜ். சுற்றிலும் காடு, ஏரி. அங்கே 1953-லிருந்து 2012 வரை ஒரே ஆள் கோச்சாக இருந்திருக்கிறார். ஜான் கக்லியார்டி (எழுத்து அப்படி, சொல்வது கலார்டி). ஓய்வு பெறும்போது வயது 86. உங்களை 58-லேயே சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தாலியிலிருந்து வந்த குடும்பம், கொலராடோவில் டிரினிடாட் என்ற சுரங்க ஊர். பள்ளியில் படிக்கும்போது இரண்டாம் உலகப் போர் வந்து கோச்சைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள், டீமைக் கலைக்கப் போனார்கள், இவர் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றுவிட்டார். வயது 16! பொறுப்பு கைக்கு வந்ததும் தனக்குப் பிடிக்காததையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தினார். பயிற்சியின்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. (நீங்களும் வ.உ.சி. மைதானத்தில் எங்களைக் குடிக்க விடவில்லை, மறக்கவில்லை.)

1949-ல் மான்டானாவில் கரோல் காலேஜ், நான்கு வருஷம் கழித்து இங்கே. வந்த புதிதில் சில வருஷம் ஐஸ் ஹாக்கி டீமையும் இவரே பார்த்திருக்கிறார். இவருடைய பயிற்சியில் ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்து அமுக்குவது கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடையாது. கொசு கடித்தால் உள்ளே போய்விடலாம். ஆள் கழிப்பது கிடையாது, வருகிறவன் எல்லாம் டீம்தான். கோச் என்று கூப்பிடக் கூடாது, ஜான். புல்லில் மல்லாந்து படுத்து, பக்கத்தில் கிடப்பவனிடம் இன்றைக்கு நாள் நன்றாக இருக்கிறது இல்லையா என்று சொல்ல வேண்டும், அதுவும் ஒரு டிரில்! விசில், கிடையவே கிடையாது.

இப்படி இருந்தால் எவன் ஜெயிப்பான் என்பீர்கள். 489 வெற்றி. 138 தோல்வி, 11 டிரா. காலேஜ் ஃபுட்பாலில் இத்தனை மேட்ச் வேறு யாரும் ஜெயித்ததில்லை. லூசியானாவில் கிராம்ப்ளிங் காலேஜின் கோச் எடி ராபின்சன் 408 வைத்திருந்தார், அதை இவர் 2003 நவம்பரில் தாண்டினார். அடுத்த மாதமே தேசிய பைனலில் 55 மேட்ச் தொடர்ந்து தோற்காத மவுன்ட் யூனியன் காலேஜை 24-6 என்று ஜெயித்தார்கள். அது நான்காவது தேசியப் பட்டம். 2018-ல் இறந்துபோனார், ஆனால் மைதானத்தில் பக்கத்து சீட் பெரியவர் நேற்றுப் பேசினவரைப் போல ஜான், ஜான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கோச் என்று ஒரு தடவைகூட வரவில்லை. எனக்கு வாய் வரவில்லை, இங்கே எழுதும்போதே அவர் இவர் என்றுதான் வருகிறது.

திங்கட்கிழமை ஆபீஸில் டைரக்டரிடம் விசில் சமாச்சாரத்தைச் சொன்னேன். தெரியும் என்றார். பிறகு தன் விசிலைக் காணோம் என்று மேஜை டிராயரெல்லாம் கவிழ்த்தார். இந்த சீசனில் இது மூன்றாவது. அம்மா அனுப்பும் பருப்புப்பொடி பார்சலில் உங்கள் பழைய பித்தளை விசிலையும் வைத்து அனுப்புங்கள். கயிறு மட்டும் மாற்றிவிடுங்கள், அது நாறும்.

உங்கள் மூத்த மகள்