நீ கேட்ட ஜெர்மன் டிரில்

புளோகிங்கன், ஜெர்மனி
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

மூன்று மாதமாகப் பதில் போடாமல் இருந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. "வரும்போது ஒரு டிரில் கொண்டு வாடா, பேட்டரியில் ஓடுவது, ஒரிஜினல் ஜெர்மனி" என்று நீ கேட்டது ஒரே வரிதான். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல்தான் நாள் இழுத்துக்கொண்டே போயிற்று. போனில் சொன்னால் பாதியில் மறித்து பாபுவின் கதைக்குப் போய்விடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். செல்விக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. பெரியவனுக்கு மீசை அரும்பிவிட்டது, என்னைவிட உயரம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததென்று தங்கச்சி சொன்னாள். சொட்டு மருந்தை நாள் தவறாமல் விடச் சொல். சரி, டிரிலுக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இங்குள்ள பெரிய ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அலமாரி முழுக்க டிரில். அப்பா செய்வாரே, எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எந்த ஊர் என்று அச்சடித்திருப்பதைப் படிப்பாரே, அதே மாதிரி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். நீ மனதில் வைத்திருக்கும் அந்த நீல நிற பாஷ் இருக்கிறதே, அவர்களுடைய பவர் டூல் தலைமையகம் லைன்ஃபெல்டனில், என் வீட்டிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம்தான். மெஷினின் தகட்டில் மலேசியா என்று இருந்தது. பினாங்கில் பாயான் லெப்பாஸில் அவர்களுக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறது, ஹங்கேரியில் மிஷ்கோல்ட்ஸ் என்ற ஊரில் இன்னொன்று. பட்டர்வொர்த் அத்தை வீட்டிலிருந்து பாலத்தைத் தாண்டினால் பாயான் லெப்பாஸ். உனக்கு ஜெர்மன் டிரில் வாங்கித்தர அத்தையைத்தான் கேட்டிருக்க வேண்டும்!

அடுத்தது மகிட்டா. ஜப்பான் கம்பெனி, ஆன்ஜோ என்ற ஊர். ஆனால் சீனாவில் குன்ஷானிலும் ருமேனியாவிலும் இங்கிலாந்திலும்கூட அவர்களுக்குத் தொழிற்சாலைகள் உண்டு. பெயர் ஒன்றாக இருக்கும், நிறம் ஒன்றாக இருக்கும், பெட்டியைக் கவிழ்த்தால்தான் எந்த ஊர் என்று தெரியும். சிவப்பு நிறத்தில் வரும் மில்வாக்கி அமெரிக்கப் பெயர். 2005-லிருந்து அது ஹாங்காங் கம்பெனி ஒன்றின் கையில் இருக்கிறது. கடைப்பையன் இரண்டு தடவை வந்து "உதவி வேண்டுமா" என்று கேட்டுவிட்டுப் போனான். நான் பெட்டிகளைக் கவிழ்ப்பதை நிறுத்தவில்லை.

கடைசியில் தகட்டில் ஜெர்மனி என்றே அச்சடித்த ஒன்று கிடைத்தது. மெட்டாபோ, நியூர்ட்டிங்கன். நான் தினமும் வேலைக்குப் போகும் ரயில் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. புளோகிங்கனில் ஏறினால் முதலில் வெண்ட்லிங்கன் வரும், அங்கே ஃபெஸ்டூல் என்ற இன்னொரு பவர் டூல் கம்பெனி. அதற்கு அடுத்து நியூர்ட்டிங்கன். மெட்டாபோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? உலோகத்தில் ஓட்டை போடும் கருவிக்கு ஜெர்மன் மொழியில் மெட்டால்போர்ட்ரேயர். அதைச் சுருக்கி மெட்டாபோ. 1920-களில் கையால் சுற்றும் டிரில் செய்து தொடங்கிய கம்பெனி. உலகத்தின் முதல் கை மின்டிரில்லும் இந்தப் பக்கத்துக்காரர்கள் செய்ததுதான், 1895-ல் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் கம்பெனி. ஏழரைக் கிலோ எடை. நீ ஏணியில் நின்று ஒரு கையால் தூக்கிப் பிடிப்பதை நினைத்துப் பார்த்தேன்.

ஆக, உனக்கு வேண்டிய ஜெர்மனி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். விலை 200 யூரோவைத் தாண்டியது, பரவாயில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், 2016-லிருந்து அந்தக் கம்பெனி ஜப்பானின் ஹிட்டாச்சி கோக்கியைச் சேர்ந்தது. அடுத்த வருஷமே அந்த ஹிட்டாச்சி கோக்கியை ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாங்கிவிட்டது. இப்போது அது எந்த நாட்டு டிரில் என்று நீயே சொல்.

உள்ளே திறந்தால் இன்னும் குழப்பம். பேட்டரிக்குள் இருப்பது நம் டார்ச் லைட் செல் மாதிரி உருண்டையான சின்னச் செல்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் 18650 என்று பெயர். ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். அந்தச் செல்களைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் கொரியா, ஜப்பான், சீனக் கம்பெனிகள்தான். பிரஷ் இல்லாத மோட்டாரில் இருக்கும் நியோடிமியம் காந்தம் பெரும்பாலும் சீனாவில் செய்வது. ஒரே கையடக்க மெஷினுக்குள் நாலு நாட்டு ஆட்களின் வேலை இருக்கும். தகட்டில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம்.

அப்புறம், பாபு 21 வோல்ட் வாங்கிவிட்டேன் என்று உன்னிடம் பெருமையடித்தானே, அதுவும் அதே ஐந்து செல்தான். முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட் காட்டும், ஐந்தால் பெருக்கிப் பார். அவன் மெஷின் 18 வோல்ட்டைவிட ஒரு துளியும் பலசாலி கிடையாது. இதை அவனிடம் நான் சொன்னதாகவே சொல்.

சேகர், இந்த "மேட் இன்" எழுத்து எப்படி வந்தது என்று தேடியபோது அப்பாவை நினைத்து மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1887-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் போட்டார்கள். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த கத்திகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முத்திரை குத்தி விற்கிறார்கள் என்று அவர்களுக்குக் கோபம். வெளிநாட்டுச் சாமானை உள்நாட்டுச் சாமான் என்று நம்பும்படி விற்கக்கூடாது, எந்த நாட்டுச் சாமான் என்று போடு என்றார்கள். ஜெர்மனி என்று இருந்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பது கணக்கு. மட்டமான சரக்கு என்று காட்டிக்கொடுக்கக் குத்திய முத்திரை அது! சில பத்து வருஷங்களில் தலைகீழாக மாறி, அந்த முத்திரையைப் பார்த்துத்தான் ஜனங்கள் வாங்கினார்கள். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டியபடியே அப்பா நமக்குச் சொல்வாரே, "ஜெர்மனிக்காரன் கை கை தாண்டா" என்று. அந்த வார்த்தைதான் இத்தனை வருஷம் கழித்து உன் வாயிலிருந்து எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக் கை யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில் நான் நிற்கும் வரிசையில் எட்டுப் பேர். இரண்டு பேர் துருக்கியிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளைகள், ஒருவர் எரித்ரியா, ஒரு அக்கா குரோஷியா, மூன்று பேர் இந்த ஊர்க்காரர்கள். எட்டாவது ஆள் பொன்மலை ஐடிஐயில் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஃபைல் போட்டவன். நான் அளந்து பார்த்து அனுப்பும் கியரும் ஜெர்மனி என்ற எழுத்தோடுதான் வெளியே போகிறது. அப்பா இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருப்பேன். போன வருஷம் வரமுடியாமல் போனது இன்னும் என்னை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

எங்கள் வரிசையில் பாதியை வேறு நாட்டுக்கு மாற்றப்போகிறார்கள் என்று போன வாரம் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். எனக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. அந்த குரோஷியா அக்காவுக்கு 58 வயது. கூட்டம் முடிந்து வந்து வழக்கம்போல மேஜையைத் துடைத்துவிட்டு, பேசாமல் வீட்டுக்குப் போனாள். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, ஊர்ப் பெயரைப் பார்த்துச் சாமான் வாங்குவதில் ஒரு நியாயம் உண்டு. அது நீ நினைக்கும் நியாயம் இல்லை. எந்த நாட்டில் செய்தது என்பதை வைத்து நல்ல மெஷினா மட்டமான மெஷினா என்று சொல்ல முடியாது. அதே கம்பெனி, அதே வரைபடம், அதே சோதனை என்றால் பினாங்கிலும் நன்றாகவே செய்வார்கள், சீனாவிலும் நன்றாகவே செய்வார்கள். யாருக்கு வேலை கிடைக்கிறது, யார் சோறு சாப்பிடுகிறார்கள் என்பதை அந்தப் பெயர் சொல்கிறது. எனக்கென்று ஒரு டிரில் வாங்கினேன், அந்த நியூர்ட்டிங்கன் மெஷின்தான். அதைச் செய்பவர்களோடு தினமும் ஒரே ரயிலில் போகிறேன், அதனால் வாங்கினேன்.

உனக்கு அதே காரணம் கிடையாதே. அதனால்தான் உனக்கு இங்கேயிருந்து வாங்கி வரவேண்டாம் என்று முடிவு செய்தேன். கோபித்துக்கொள்ளாதே, முழுதாகப் படி.

மெஷினை லக்கேஜில் போட்டுவிடலாம். தனி பேட்டரியை லக்கேஜில் போடக்கூடாது, முனையில் டேப் ஒட்டிக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 100 வாட்-அவருக்குள் இருந்தால் விடுவார்கள். 18 வோல்ட் 4 ஆம்பியர்-அவர் என்றால் 72-தான், கொண்டுவந்துவிடலாம். பிரச்சினை அதற்கப்புறம். மெஷின் நின்றுபோனால் திருச்சியில் யார் பிரிப்பார்கள்? இங்குள்ள வாரண்டி அங்கே செல்லுமா என்று யாரிடம் போய் நிற்பாய்? இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி தளர்ந்துவிடும், அதே அச்சில் பொருந்தும் பேட்டரி உன் ஊரில் கிடைக்காவிட்டால் அத்தனை விலை கொடுத்த மெஷின் பரணுக்குப் போகும். அடுத்து கட்டிங் மெஷின் வாங்கினாலும் அதே பேட்டரியில் ஓடுகிற மாதிரிதான் வாங்குவாய். ஆகவே உன் முதல் கேள்வி பேட்டரியாக இருக்கட்டும்.

நீ செய்ய வேண்டியது இது. முதலில், கார்த்தி செய்யும் வேலைக்கு என்ன வேண்டும் என்று பார். ப்ளைவுட்டில் கீல் மாட்டுவதும் சேனல் மாட்டுவதும் ஸ்க்ரூ முடுக்குவதும்தான் அவனுக்கு நாள் முழுக்க. அதற்கு 12 வோல்ட் மெஷினே தாராளம், எடையும் குறைவு, சாயங்காலம் மணிக்கட்டு வலிக்காது. லிண்டல் காங்கிரீட்டில் ராவல் பிளக்குக்கு ஓட்டை போடுவதற்கு வயரோடு ஒரு ஹேமர் மெஷின் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி டிரில்லை வைத்துக் காங்கிரீட்டோடு மல்லுக்கட்டினால் எந்த நாட்டு மெஷினும் அழும். பிரஷ்லெஸ், அதாவது அந்த பிரஷ் இல்லாத மோட்டார் போட்டதை வாங்கு, கார்பன் பிரஷ் மாற்றும் வேலை இல்லை.

கடையில் போய் நின்றதும் பெட்டியைக் கவிழ். செய்த நாடு, இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரி, மாதம், வருஷம் எல்லாம் இருக்க வேண்டும், நம் நாட்டுச் சட்டம் அது. அவை இல்லாமல் "ஜெர்மன் டெக்னாலஜி" என்று மட்டும் பளபளவென ஸ்டிக்கர் இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வா. முன்பு ஒரு கடையில் மெஷின் வாங்கி நீ ஏமாந்தது அதே மாதிரி ஸ்டிக்கரைப் பார்த்துத்தான். இருபது நாளில் புகை வந்தது, கடைக்காரன் உன்னைத் தெரியாதவன் போல் பேசினான். அன்று ராத்திரி நீ போனில் அழாத குறையாகப் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இந்தத் தடவை கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஊரிலேயே இருக்கிறதா என்று முதலில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு மெஷினைப் பார்.

மெஷினைக் கையில் வாங்கியதும் நேரான புது பிட் ஒன்றைச் சக்கில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் முன்வாய்) மாட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு நுனியைப் பார். நுனி வட்டம் போட்டு ஆடினால் வேறு கேள். முன்னால் எண் போட்ட வளையம் இருக்குமே, அதைக் கீழே ஒன்றில் வைத்துச் சக்கைக் கையால் பிடித்து ஓட்டு, டக்டக்கென்று விட்டுக்கொடுக்க வேண்டும். பெரிய எண்ணில் பிடித்துப் பார்க்காதே, மணிக்கட்டு திருகிவிடும். கார்த்தியையும் கூட்டிக்கொண்டு போ, அவன் கைக்குப் பிடி அடங்குகிறதா என்று அவன்தான் சொல்ல வேண்டும். தகட்டில் மலேசியா என்று இருந்தால் தயங்காதே. இந்தியா என்று இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

பணத்தைப் பற்றி யோசிக்காதே. பாதி என்னுடையது என்று ஏற்கனவே சொல்லிவிட்டேன், அதில் மாற்றம் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். அப்பாவின் அந்தக் கை டிரில், மரப்பிடி போட்டு, பக்கத்தில் பல்சக்கரம் வைத்தது, அதை யாருக்கும் கொடுத்துவிடவில்லையே? அதில் என்ன ஊர் குத்தியிருந்தது என்று நமக்குள் எத்தனை சண்டை. நீ ஜெர்மனி என்பாய், நான் ஷெஃபீல்டு என்பேன். அப்பா சிரித்துக்கொண்டு கடைசிவரை சொல்லவே இல்லை. பரணிலிருந்து இறக்கி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று படித்து எழுது.

உன்,
ரவி

பின்குறிப்பு: பொங்கலுக்கு வரும்போது பிட் செட் கொண்டுவருகிறேன், எடையும் இல்லை, பேட்டரித் தொல்லையும் இல்லை. மரத்துக்கு எத்தனை, இரும்புக்கு எத்தனை, என்னென்ன எம்எம் என்று கார்த்தியை எழுதி அனுப்பச் சொல்.