முறத்தில் இருந்த அரிசி

அன்புள்ள செல்லம்மா அம்மாவுக்கு,

முதலில் பாட்டி என்று எழுதி, அடித்துவிட்டேன். நீங்கள் பிறந்தது 1890. உங்கள் கணவர் பாரதியோடு புதுச்சேரியில் குடியிருந்த 10 வருடமும் உங்களுக்குப் பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு வயதுதான். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே போன வருடம். அதுவரை மேடையில் உங்களுக்கு நான் கொடுத்தது அறுபது வயதுக் கிழவியின் குரல். இடுப்பில் ஒரு கை, நீட்டி முழக்கும் பேச்சு. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

முறத்தில் நீங்கள் வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்துவிட்ட அந்தக் குருவிக் கதையை உங்களுக்கே சொல்லப் போவதில்லை. ஆனால் அது என் வாயில் என்ன ஆனது என்பதைச் சொல்லியாக வேண்டும். பள்ளிப் பேச்சுப் போட்டியில் சொன்னபோது அது வெறும் அரிசி. கல்லூரியில் கடன் வாங்கிய அரிசி ஆயிற்று. மேடைக்கு வந்த பிறகு வீட்டில் மிச்சமிருந்த கடைசி ஆழாக்கு. வருடத்துக்கு வருடம் அரிசி குறைந்தது, கைதட்டல் கூடியது. முறத்தைப் பறிகொடுத்துவிட்டு நீங்கள் புலம்புவது போல நான் நடிப்பேன். உடனே குரலை மாற்றிக் காக்கை குருவி எங்கள் ஜாதி என்று பாடி முடிப்பேன். அந்த இடத்தில் அரங்கம் எழுந்து நிற்காத ஊர் இல்லை.

போன செப்டம்பர் கூட்டத்துக்கு என் மனைவியும் வந்திருந்தாள். மூன்றாவது வரிசை, மடியில் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அந்த இடத்துக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவள் பெண்ணின் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். மேடையிலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, எனக்குப் போட்ட பொன்னாடையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "குருவி சாப்பிட்டுது, சரி. அன்னிக்கு அந்தக் குழந்தைங்க என்ன சாப்பிட்டாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடமாகச் சொல்லும் கதையில் சாயங்காலமே வந்ததில்லை. குருவிகள் பறந்ததும் பாட்டு, பாட்டு முடிந்ததும் நன்றி வணக்கம். உங்கள் பெண்கள் தங்கம்மாவுக்கும் சகுந்தலாவுக்கும் அதற்குப் பிறகு பசித்திருக்கும் என்பது எந்த மேடையிலும் எனக்குத் தோன்றவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று எழுத வந்தேன். எழுதும்போதே, நான் என்ன பொய்யா சொன்னேன் என்றும் கை எழுதப் பார்க்கிறது. உங்களை இழிவுபடுத்த நினைத்தவன் இல்லை நான். அவரை உயர்த்த ஒரு ஆள் தேவைப்பட்டது, நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள், அவ்வளவுதான். எழுதிவிட்டுப் படித்தால் இதுதான் அதைவிட மோசமாக இருக்கிறது.

காசியிலிருந்து 1901இல் அவர் உங்களுக்கு எழுதிய கடிதம் எங்களிடம் இருக்கிறது. கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படி என்கிறாரே, அதையும் நான் மேடையில் உருகி உருகிச் சொல்லியிருக்கிறேன். அப்போது உங்களுக்குப் பதினொரு வயது. கல்யாணமாகி நாலு வருடம். அவ்வளவு தூரத்துக்கு அந்தச் சிறுபெண் என்ன கவலையைச் சொல்லி அனுப்பினாள் என்று கேட்க வேண்டாமா? பதிலை மட்டும் மனப்பாடம் செய்தோம்.

இன்னொன்றும் உண்டு. அவர் இறந்தது செப்டம்பர் 11ஆ 12ஆ என்று ஆண்டுதோறும் சண்டை போடுகிறோம். அவரைக் கொண்டுபோனபோது கூட எத்தனை பேர் போனார்கள் என்று தலை எண்ணி எண்ணி அழுகிறோம். துளசிங்கப் பெருமாள் கோவில் தெரு வீட்டில் அன்று ராத்திரி உங்களோடு யார் இருந்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை. உங்களுக்கு முப்பத்தொன்று. அதற்கு மேல் 34 வருடம் இருந்தீர்கள். அவர் போன மறு வருடமே பாரதி ஆசிரமம் என்று பெயர் வைத்து அவர் பாட்டுகளை அச்சில் கொண்டுவந்தீர்கள். நான் மேடையில் விற்றுத் தின்னும் பாட்டு என் கைக்கு வந்ததில் உங்கள் பங்கு இருக்கிறது. அதற்கு என் உரையில் அரை நிமிடம்கூட ஒதுக்கியதில்லை.

ஆனால் அம்மா, எனக்கு உங்கள் மேலும் கோபம் உண்டு. 1951இல் திருச்சி வானொலி உங்களைப் பேச அழைத்தது. ஒலிவாங்கி உங்கள் கையில். தலைப்பு, என் கணவர். கவிஞனோடு குடும்பம் நடத்துவது கஷ்டம் என்று அதில் சொல்லத்தான் செய்தீர்கள். ஆனாலும் எவ்வளவு நயமாக! கொஞ்சம் கத்தியிருக்கக் கூடாதா? நீங்கள் பொறுத்துக்கொண்டதை எடுத்துக் காட்டி எத்தனை வீடுகளில் எத்தனை பெண்களை வாயடைத்திருக்கிறார்கள், தெரியுமா? "செல்லம்மா பொறுக்கலையா?" இது எங்கள் வீட்டிலும் சொல்லப்பட்ட வாக்கியம். சொன்னது யார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நாலு பேர் படிக்கும் இடம் இது, என் மனைவியும் படிப்பாள். ஒரு தடவை, பேசியதற்குக் கொடுத்த கவரை அப்படியே இளைஞர் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன் என்பது வரை சொல்லலாம். அன்று ராத்திரி நடந்தது எங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

கோபப்பட எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கேட்கவும் மாட்டீர்கள், அதுதான்.

இந்த வருடம் உங்களைப் பற்றி மட்டுமே பேசுவது என்று முடிவு செய்திருக்கிறேன். 1921க்குப் பிந்தைய வருடங்கள். இன்று காலை விழாக்காரருக்குத் தலைப்பைச் சொன்னேன். "நல்லா இருக்கு சார்" என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "குருவிக் கதை வரும்ல?" என்று கேட்டார்.

வரும் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள்,
குருவிக் கதைக்காரன்