செயலாளர் ஆண்டறிக்கை 2024

தலைவருக்கும், செயலவையினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நாற்காலிகளை எண்ணிப் பார்த்தேன், 19 பேர் வந்திருக்கிறீர்கள். பதிவில் இருப்பது 83 பேர். அதைப் பிறகு சொல்கிறேன்.

பொங்கல் வைத்தோம். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலையில் மோர்ப் பந்தல் போட்டோம். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் நடந்தது. தீபாவளிக்கு 12 குடும்பங்களுக்கு அரிசியும் எண்ணெயும் கொடுத்தோம். செயலவை ஐந்து முறை கூடியது, இரண்டு முறை ஆள் சேராமல் கலைந்தது.

இனி சொக்சோ மேசை. சொக்சோ என்பது வேலையில் அடிபட்டவர்களுக்குப் பணம் தரும் அரசாங்கக் காப்புறுதி. மார்ச் மாதத்திலிருந்து சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மண்டபத்தின் பின்பக்கம் ஒரு மேசை போட்டு, வேலையில் அடிபட்டவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறோம். இது சங்கத்தின் வேலையா, யூனியன் பார்க்க வேண்டியதல்லவா என்று செயலவையிலேயே கேட்டார்கள். நம் தாமானில் (குடியிருப்பில்) பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பிறையிலோ பயான் லெப்பாஸிலோ உள்ள தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார், பல இடங்களில் யூனியனே கிடையாது, ஏஜெண்டு மூலம் போனவர்களுக்கு யார் முதலாளி என்பதே தெரியாது. அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

முதல் சனிக்கிழமையே ஓர் அம்மா பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்களோடு வந்தார். அவர் கணவர் நம் உறுப்பினர், பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு தகரத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் பிரஸ் மெஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. சூப்பர்வைசர் தன் காரிலேயே கிளினிக்குக் கொண்டுபோனார். போகிற வழியில், "வீட்டுல கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க, செலவெல்லாம் கம்பெனி பார்த்துக்கும்" என்றாராம். வலியில் இவரும் தலையாட்டிவிட்டார். பைக்குள் இருந்த கிளினிக் அட்டையில் நீல மையில் எழுதியிருந்தது: 'தெர்கெப்பிட் பிந்து டி ரூமா', வீட்டில் கதவில் மாட்டியது என்று மலாயில். அந்த நான்கு வார்த்தைகளை மாற்ற எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

கம்பெனி எம்சி (மருத்துவ விடுப்பு) நாட்களுக்குச் சம்பளம் கொடுத்தது உண்மைதான். ஆனால் ஆள்காட்டி விரல் மடங்கவே இல்லை, மெஷினில் நிற்க முடியவில்லை, கடைசியில் வேலையும் போய்விட்டது. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, விபத்து நடந்தது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்கு (சொக்சோவின் மலாய்ப் பெயர்) அறிவிக்க வேண்டும். அவர் அறிவிக்கவில்லை என்பதற்காகத் தொழிலாளியின் உரிமை போய்விடாது, சொக்சோ சந்தாவே கட்டாத முதலாளியிடம் வேலை செய்தாலும் போகாது. இதை நம்மவர்களிடம் எத்தனை முறை சொல்லியும் நம்ப மறுக்கிறார்கள். இவருக்கு மாதா மாதம் சொக்சோ பிடித்த சம்பளச் சீட்டுகள் பையிலேயே இருந்தன. நிரந்தர ஊனத்தைக் கணக்கிட, தற்காலிக ஊன நாட்கள் முடிந்து 12 மாதத்துக்குள் ஜெமாஆ டோக்டர் என்ற மருத்துவக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அம்மா வந்தபோது பத்து மாதம் ஓடிவிட்டிருந்தது.

சொக்சோ பாரம் 34ஐ அவசரமாக நிரப்பிக் கொடுத்தோம், சாட்சிதான் இல்லை. பக்கத்து மெஷினில் நின்றவர் நம் சங்க உறுப்பினர். நான்கு முறை அவர் வீட்டுக்குப் போனேன். காரும் செருப்பும் வாசலில் இருக்கும், கதவு திறக்காது. கடைசியில் எழுதிக் கொடுத்தது ஒரு நேப்பாளத் தம்பி. பெர்மிட் அந்த முதலாளி கையில் இருக்கிறது என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டான். விடியற்காலை 3.40க்கு அவன் ரத்தம் தோய்ந்த கையுறையைப் படம் எடுத்து நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான், அந்தப் படம்தான் காப்பாற்றியது. (வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் சொக்சோவில் இருக்கிறார்கள். அவனுக்கே அது தெரியாது, நாங்கள்தான் சொன்னோம்.)

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஊனம் 20 விழுக்காட்டுக்குள் வந்ததால் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டார். தொகையை நான் சொல்ல மாட்டேன், அது அவர் பணம்.

ஆண்டு முழுவதும் ஏழு பேர் வந்தார்கள், நான்கு பேருக்கு வேலை முடிந்தது. அந்த நால்வரில் ஒருவருக்கு நிராகரித்துவிட்டார்கள். வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் விபத்துதான், ஆனால் அவர் பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டுக்கு வழி மாறிப் போயிருந்தார். வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பாதையை விட்டு சொந்த வேலைக்கு வழி மாறிப் போனால் சட்டம் அதை வேலை விபத்தாக ஏற்காது. அவர் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறார், எனக்கும் மனசு ஆறவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது. போட்டோஸ்டேட்டுக்கும் பெட்ரோலுக்கும் சங்கப் பணம் போனதாகப் பேச்சு எழுந்தது. பாதிக்கு மேல் என் கையிலிருந்து போனது, ரசீதுகள் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சங்கச் சந்தா மாதம் 2 வெள்ளி (ரிங்கிட்), ஆண்டுக்கு 24 வெள்ளி. 83 பேரில் கட்டியவர்கள் 34 பேர். கட்டாதவர்களிலும் மூன்று பேருக்கு மேசையில் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். அடிபட்டு வந்து நிற்பவரிடம் சந்தா ரசீதா கேட்க முடியும்?

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், மலாய்க் கடிதங்களைத் திருத்திக் கொடுத்த ஆசிரியைக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இதைத் தனியாகச் செய்ய எனக்கு உடம்பு இடம் கொடுக்காது. மலாயில் எழுதத் தெரிந்த ஒருவரும், வார நாளில் காரில் கூட்டிப்போக ஒருவரும் கிடைத்தால் மேசை நடக்கும். மூன்று கோப்புகள் பாதியில் நிற்கின்றன. அதில் ஒன்றுக்கு மருத்துவக் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 90 நாள்தான் தவணை, அதில் 40 நாள் போய்விட்டது. அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை எட்டு மணிக்குத் திறப்பேன்.