கூட்ட வேண்டியது பின்னங்களை

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் வரும் பருவம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ஓர் அணியின் 12 பருவ ஆட்டங்களையும், பருவம் முடிந்தபின் டிசம்பரில் வரும் பவுல் ஆட்டத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘வெற்றி’ அல்லது ‘தோல்வி’ என்று குறித்து, கடைசியில் எண்ணிப் பார்த்து ‘10 வெற்றி’ என்று முடித்திருந்தார்கள். ஆகஸ்ட் மாதம் விசிறிகள் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. ஆனால் இந்தக் கணக்கு பிசகினால் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் பிசகும். நல்ல அணிக்குக் கூடுதலாகவும் நோஞ்சான் அணிக்குக் குறைவாகவும் வரும்.

ஏன் என்று பார்ப்போம். 12 ஆட்டங்களிலும் எதிரணியைவிட ஒரு படி மேலே இருக்கிற அணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆட்டங்களில் 28 புள்ளி சாதகம் (அதாவது 28 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்ற எதிர்பார்ப்பு), மூன்றில் 14, மூன்றில் 7, மீதி மூன்றில் வெறும் 3. கட்டுரையின் முறைப்படி இது 12-0, அதாவது 12 வெற்றி, தோல்வியே இல்லை. ஆனால் 28 புள்ளி சாதகம் என்றால் வெல்லும் வாய்ப்பு 0.96, 14 என்றால் 0.81, 7 என்றால் 0.67; 3 என்றால் 0.57 மட்டுமே. இந்தப் பின்னங்களை மூன்று மூன்றாகக் கூட்டினால் 9.03 வருகிறது. தோல்வி என்று ஒரு ஆட்டத்தையும் குறிக்க முடியாத அணிக்கும் எதிர்பார்க்கத்தக்க வெற்றி ஒன்பதுதான். அத்தனை ஆட்டத்தையும் அது வெல்ல வேண்டுமானால் பின்னங்களைப் பெருக்க வேண்டும். வருவது 100-க்கு 3-கூட இல்லை.

புள்ளி சாதகத்தைப் பின்னமாக மாற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கல்லூரி ஆட்டங்களில் எதிர்பார்த்த வித்தியாசத்துக்கும் கடைசியில் வரும் வித்தியாசத்துக்கும் இடையிலான திட்டவிலக்கம் (வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதன் அளவு) சுமார் 16 புள்ளி. சாதகப் புள்ளியை 16-ஆல் வகுத்து, எக்செல்லின் நார்ம்.எஸ்.டிஸ்ட் சூத்திரத்தில் போட்டால் வாய்ப்பு வந்துவிடும். சாதகப் புள்ளியைக் கண்டுபிடிக்க, இரண்டு அணிகளின் பலமதிப்பை (சராசரி அணியைவிட எத்தனை புள்ளி மேல் அல்லது கீழ் என்ற எண்) ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, சொந்த மைதானம் என்றால் சுமார் 2.5 கூட்ட வேண்டும். வெளியூர் என்றால் அதையே கழிக்க வேண்டும். அதே எதிரணியை இந்த வருடம் வீட்டிலும் அடுத்த வருடம் அவர்கள் ஊரிலும் ஆடுவதில் ஐந்து புள்ளி வேறுபாடு வருவது இப்படித்தான். பிக் டென் என்ற லீக்கின் அணிகளுக்கு லீக் ஆட்டம் ஒன்பது. ஆகவே ஒரு வருடம் ஐந்து வீட்டில், நான்கு வெளியில். அடுத்த வருடம் தலைகீழ். அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பை வாரம் (ஆட்டமில்லாத ஓய்வு வாரம்), நேர மண்டலம் தாண்டும் பயணம் எல்லாம் அரைப்புள்ளி, ஒரு புள்ளி விவகாரம். அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பலமதிப்பை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கஷ்டமான இடம். போன வருடத்து வெற்றி தோல்விப் பட்டியலிலிருந்து எடுக்கக்கூடாது என்பதில் கணக்குப் போடுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கட்சி. அடித்த புள்ளி, விட்ட புள்ளி இரண்டையும் 2.37 என்ற அடுக்குக்கு உயர்த்தி, முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது பழைய வழி. இதற்குப் பித்தாகரஸ் பெயரை வைத்திருக்கிறார்கள். பாவம், அவருக்கும் ஃபுட்பாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இந்த வழி எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பதற்கு, பிக் டென்னில் ஆடும் எங்கள் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் 2021-ஐவிட நல்ல பாடம் கிடைக்காது. அந்த வருடம் அவர்கள் 3-9. ஆனால் அடித்தது 335 புள்ளி, விட்டது 272. ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசம். எட்டு தோல்வி எட்டுப் புள்ளிக்குள், ஓஹையோ ஸ்டேட்டிடம் மட்டும் ஒன்பது. சூத்திரத்தில் போட்டு 12-ஆல் பெருக்கினால் 7.45 வெற்றி வருகிறது. ‘துரதிர்ஷ்டம்தான், 2022-ல் தானாக எழுந்துவிடும்’ என்று நம்பியவர்கள் ஏராளம். எழவில்லை, 4-8.

எங்கே தப்பு? முதலாவது, அந்த 335-ஐப் பிரித்துப் பார்க்கவில்லை. ஃபோர்டமுக்கு எதிராக 52-7, பஃபலோவுக்கு எதிராக 28-3, நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 56-7. மூன்றே ஆட்டத்தில் 136-17. மீதி ஒன்பதில் 199-255. அதே சூத்திரம் இவற்றுக்குத் தருவது மூன்று வெற்றிக்குச் சற்று மேல். வென்ற மூன்றோடு சேர்த்தால் ஆறு சொச்சம். (தோற்ற ஆட்டங்களை மட்டும் பொறுக்கிக் கணக்குப் போடுவது முறையல்ல என்பது தெரியும், வீங்கிய எண் எவ்வளவு வீங்கியது என்று காட்டத்தான்.) ஆட்டம் கைக்கு வந்தபிறகு அடிக்கிற புள்ளிகளுக்கு மதிப்புக் குறைவு. அதனால் ஒரு ஆட்டத்தின் வித்தியாசத்தை 24 அல்லது 28-க்கு மேல் எண்ணாமல் வெட்டிவிட வேண்டும்.

இரண்டாவது தப்பு இன்னும் முக்கியமானது. நெருக்கமான ஆட்டம் என்றால் பூவா தலையா என்பது பொது விதி. ஸ்காட் ஃப்ராஸ்ட் பயிற்சியாளராக இருந்த 2018 முதல் 2021 வரை எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் நெப்ராஸ்கா 5-20. நாணயம் சுண்டினால் இவ்வளவு மோசமாக வருவது ஐந்நூறில் ஒரு தடவை. அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க முடியாது. காரணம் கண்ணுக்கெதிரே இருந்தது: ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது பந்தை உதைக்கும் ஆட்டத்துக்கான தனிக்குழுக்கள். மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக நான்காம் கால்பகுதியில் நெப்ராஸ்கா உதைத்த ஒரு பண்டை (பந்தை எதிரணிக்கு ஒப்படைக்கும் உதை) எதிரணி திருப்பி ஓடி டச்டவுனாக்கிச் சமன் செய்தது, ஓவர்டைமில் நெப்ராஸ்காவுக்குத் தோல்வி. அயோவாவுக்கு எதிராக 21-6 என்று முன்னிலையில் இருந்த அணி, ஒரு பண்ட் தடுக்கப்பட்டு டச்டவுனாக மாற, 28-21 தோற்றது.

உண்மையில் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கத்தக்கவை வேறு. கைநழுவிக் கீழே விழுந்த பந்தை (ஃபம்பிள்) யார் எடுக்கிறார்கள் என்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. தடுப்பாட்டக்காரர் கைபட்ட பாஸ்களில் சுமார் ஐந்தில் ஒன்று இன்டர்செப்ஷன் ஆகும், அதாவது அவர் கையிலேயே சிக்கும். ஓர் அணி மூன்றில் ஒன்றைப் பிடித்திருந்தால் அடுத்த வருடம் அந்த வரத்து இருக்காது. இவற்றைச் சராசரிக்கு இழுங்கள். பண்ட் உதைக்கத் தெரியாததை இழுக்காதீர்கள்.

2022-ஐ நெப்ராஸ்கா டப்ளினில் நார்த்வெஸ்டர்னுடன் தொடங்கியது. பத்துக்கு மேல் சாதகம். 28-17 என்று முன்னால் இருந்தபோது, பந்தைத் தாங்களே மீட்கலாம் என்று குறுந்தூரம் உதைக்கும் ஆன்சைட் கிக் உதைத்துப் பந்தைப் பறிகொடுத்து, 31-28 தோற்றார்கள். அந்த வருடம் முழுக்க நார்த்வெஸ்டர்ன் வென்ற ஒரே ஆட்டம் அதுதான். இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்ன். இருபதுக்கு மேல் சாதகம், 45-42 தோல்வி, மறுநாள் ஃப்ராஸ்ட் வேலை போயிற்று. 0.75, 0.9 என்று எழுதிய இரண்டு ஆட்டங்களும் பூஜ்யமாகின. ‘நிச்சய வெற்றி’ என்று கட்டுரையில் குறித்திருந்த ஆட்டங்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆட்கள் மாறுவது தனிக்கதை. 2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) வந்ததும், 2021 முதல் ஒரு வருடம் வெளியே உட்காராமலேயே கல்லூரி மாறலாம் என்றானதும், ‘போன வருடத்து அணி’ என்ற சொல்லையே பாதி அர்த்தமற்றதாக்கிவிட்டன. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023-ல் லீக் கோப்பையை வென்றபோது 13-0. அந்த அணியிலிருந்து பத்துப் பேர் என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை லீக்கின் ஆள்தேர்வு) போனார்கள், குவார்ட்டர்பேக் (பாஸ் எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் உட்பட. போர்ட்டலில் வந்தவர்களை நம்பி 2024-ஐ நாட்டின் 10-ஆம் இடத்தில் தொடங்கிய அணி 2-10-ல் முடித்தது. அதே 2024-ல் இந்தியானா, முந்தைய வருடத்து 3-9-லிருந்து 11-1-க்குப் போயிற்று. புதுப் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி தான் முன்பு இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து தன் ஆட்களையும் கூட்டி வந்திருந்தார். திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர் என்று தலையை எண்ணினால் போதாது. குவார்ட்டர்பேக், பந்து பிடிப்பவர்கள், முன்வரிசைத் தடுப்பாளர்கள் ஆகியோரின் பங்கைத் தனித்தனியே எடைபோட வேண்டும்.

பலமதிப்பில் மூன்று புள்ளி பிசகினால் என்ன ஆகும்? மேலே சொன்ன 9.03 வெற்றி 8.38 ஆகும். ஆறு புள்ளி, அதாவது நல்ல குவார்ட்டர்பேக் காயம்பட்டு உட்கார்ந்தால், 7.67. எல்லா ஆட்டத்தையும் ஒரே பிழை ஒரே பக்கம் இழுக்கும். பலமதிப்பு சரியென்றே வைத்தாலும் அந்த அணியின் வெற்றி எண்ணிக்கைக்குத் திட்டவிலக்கம் 1.4; ஆகஸ்டில் இருக்கிற அறியாமையையும் சேர்த்தால் 2-க்குக் கிட்டே போகும். ஒன்பது என்று சொன்ன அணி ஏழில் முடிந்தால் கணித்தவரைத் திட்ட ஒன்றுமில்லை.

பந்தயக்காரர்கள் 7.5, 8.5 என்று அரையில் எண் போடுவது சமன் வராமல் இருக்க. அந்த எண்ணை மட்டும் படிப்பதும் அரைகுறைதான். 7.5-க்கு மேல் என்பதற்கு மைனஸ் 150 விலை (100 ஜெயிக்க 150 கட்ட வேண்டும்) என்றால், அவர்கள் கமிஷன் போக, எட்டோ அதற்கு மேலோ வெற்றிக்கு 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாய்ப்புத் தருகிறார்கள் என்று பொருள். அதே 7.5-க்கு இரண்டு பக்கமும் மைனஸ் 110 என்றால் சரிபாதி.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையில் சொன்ன பத்தில் ஒன்று டிசம்பர் பவுல் ஆட்டம். முன்கணிப்பு எண்கள் வழக்கமாக 12 பருவ ஆட்டங்களை மட்டுமே எண்ணும். லீக் இறுதியாட்டமும் பவுலும் அதில் சேராது. ஆகவே பவுலைக் கழித்துவிட்டுத்தான் அந்தப் பத்தைப் பந்தயக்காரர்களின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அடுத்த கட்டுரையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரே வெற்றி, தோல்விக்குப் பதிலாகப் பின்னத்தையே அச்சிட்டால் நவம்பர் முடிவில் வாசகர்களே சரிபார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
ஒமாஹா, நெப்ராஸ்கா